கடற்கரை முதல் தாம்பரம் வரை: ஆட்டிசக் குழந்தையின் நினைவோடு பழகுதல்

கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். சென்னைப் புறநகர் ரயிலில் மொத்தம் 18 நிலையங்கள். "தண்ணி வேணும்" என்று கேட்கத் தெரியாத 5 வயது ஆட்டிசக் குழந்தை இதை ஒன்றுகூடப் பிசகாமல், ரயில் அறிவிப்புக் குரலின் அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடிக்கும். கேட்கிற அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நெஞ்சு பூரிக்கும். "இவ்வளவு ஞாபகம் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை" என்று அதே நெஞ்சு அடித்துக்கொள்ளவும் செய்யும்.

பூரிப்பை முழுசாக அனுபவியுங்கள். அது அபூர்வமான திறமைதான். கூடவே ஒன்றைத் தெரிந்துகொண்டால் அந்த அடித்துக்கொள்ளல் பாதியாகக் குறையும். நினைவில் இருப்பது வேறு, கேட்ட நேரத்தில் அதை எடுத்துத் தருவது வேறு. நம் பிள்ளைகளுக்குப் பதிவது அபாரமாக இருக்கும். எடுப்பதற்கு மட்டும் சரியான கைப்பிடி வேண்டும். அந்தக் கைப்பிடியைத் தேடித் தருவதுதான் வீட்டில் நாம் செய்யக்கூடிய வேலை.

ஆட்டிச நிலையில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி நினைவாற்றல் இருக்காது. 1978இல் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், தானும் ஒரு ஆட்டிசக் குழந்தையின் தகப்பன், ஆயிரக்கணக்கான பெற்றோரிடம் எடுத்த கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு தனித்திறன் இருப்பதாகத் தெரிந்தது. உங்கள் குழந்தை அந்தப் பத்தில் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லை. "இவனுக்குள்ளும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது" என்று தோண்டித் தோண்டிப் பிள்ளையைக் களைப்படைய வைக்க வேண்டாம்.

ஆட்டிசத்தைப் பற்றிய தொடக்கக் காலக் கட்டுரைகளிலேயே இந்த நினைவாற்றல் பதிவாகியிருக்கிறது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதல் குழந்தை, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். சின்ன வயதிலேயே ஆங்கில எழுத்துகளை முன்னும் பின்னுமாகச் சொல்வான் என்று அதில் இருக்கிறது. பின்னாளில் அவர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், ஊர் ஊராகச் சுற்றினார், 2023இல் 89 வயதில் இறந்தார். தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்து, எத்தனை ஆண்டு கழித்துப் பார்த்தாலும் அந்த எண்ணைச் சொல்லி வரவேற்பாராம். ஊர்க்காரர்கள் அந்த எண்ணைத் தங்களுக்குக் கிடைத்த பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் மதிப்பீட்டுக்குப் போகும்போது ஒரு சங்கடம் வரும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக ஐசா என்ற இந்திய அளவுகோலை நிரப்புவார்கள். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அந்த 40இல் வழக்கத்துக்கு மாறான நினைவாற்றலும் ஒரு கூறு, அபூர்வத் திறனும் ஒரு கூறு. நாம் பெருமையாகச் சொல்வது அங்கே குறைபாட்டுக் கணக்கில் ஏறுகிறதே என்று மனசு வலிக்கும். அதற்காக மறைக்காதீர்கள், மிகைப்படுத்தவும் செய்யாதீர்கள். எத்தனை முறை, எந்தச் சூழலில் என்று மட்டும் சொல்லுங்கள். அது ஒரு படிவம். பிள்ளையை அளந்து முடித்துவிட்ட தீர்ப்பு அல்ல.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்ற கேள்வியைத்தான் எங்களைப் போன்ற பெற்றோர் அதிகம் கேட்கிறோம். பதில் வராத கேள்வியும் அதுதான். மூன்று வருஷத்துக்கு முன் போன கல்யாண மண்டபத்தில் எந்த வாசலில் வாழைமரம் சாய்ந்திருந்தது என்று சொல்கிற பிள்ளை, காலையில் நடந்ததைச் சொல்ல மாட்டேன் என்கிறது. பிடிவாதம் இல்லை, மறதியும் இல்லை. "என்ன நடந்துச்சு" என்பதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. எதிலிருந்து தொடங்குவது, எது முக்கியம், எதை விடுவது என்று எல்லாவற்றையும் பிள்ளையே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. துப்பு கொடுத்துக் கேட்டால் ஆட்டிச நிலையில் உள்ளவர்கள் நன்றாக நினைவுகூர்கிறார்கள் என்பது ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். பள்ளியின் அன்றைய பாட அட்டவணையை ஒரு நீளத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். "முதல் பீரியட் தமிழ். முடிஞ்சது. அடுத்து?" என்று விரலை வைத்து நகர்த்துங்கள். வரிசை என்றால் நம் பிள்ளைகளுக்குக் கால் ஊன்றிய மாதிரி. முடிந்தால் ஆசிரியரிடம் கேட்டு ஒரு நாளைக்கு 3 படம் மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பறை, சாப்பாட்டு நேரம், விளையாட்டு போதும். படத்தைக் காட்டி "பக்கத்துல யாரு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றாவது நொடியில் நாம் கேள்வியை மாற்றிக் கேட்பதுதான் வழக்கமான தவறு. முதல் கேள்விக்குப் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை, இரண்டாவது கேள்வி வந்ததும் இரண்டையும் விட்டுவிடும். "ஏன்" என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "யாரு, எங்க, என்ன" வந்தபின் "ஏன்" தானாக வந்தால் வரட்டும்.

இதில் இவ்வளவு நேரம் செலவழிக்கக் காரணம் உண்டு. அடிபட்டதையும், யாரோ கிண்டல் செய்ததையும், வயிறு வலித்ததையும் இந்தக் கேள்வி வழியாகத்தான் நாம் தெரிந்துகொள்ள முடியும். பல குழந்தைகளிடம் அது நேரான பதிலாக வராது. எதிரொலியாக வரும். ஞாயிற்றுக்கிழமை சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று "கையைக் கட்டு! வாயைப் பொத்து! பெஞ்சு மேல ஏறு!" என்று வேறு யாருடைய குரலிலோ சொல்லும். அர்த்தமில்லாத உளறல் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் குரல், அந்த ராகம், அந்த வேகம் எல்லாமே பதிவு. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: சொன்ன வாசகம் அப்படியே, யாருடைய குரல் போல இருந்தது, அந்த நிமிஷம் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் எழுதினால் கைப்பிடி எது என்று தெரிந்துவிடும். கரண்டி தட்டில் மோதும் சத்தம் வரும்போதெல்லாம் அந்த வாசகம் வருகிறது என்றால், பள்ளியின் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. பள்ளியில் பேசப் போகும்போது, குற்றம் சாட்டுகிற குரலை விட அந்த நோட்டு உதவும்.

இனி படிப்புக்கு வருவோம். நினைவாற்றல் உள்ள பிள்ளை என்றதும் நம் வீடுகளில் கை தானாகத் திருக்குறளுக்குப் போகும். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரைச் சதாவதானி என்று கொண்டாடிய மொழி இது. 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசு கொடுக்கிறது. ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் முற்றோதல் என்றால் முதலிலிருந்து கடைசிவரை சொல்வது மட்டும் இல்லை. குறள் எண்ணைச் சொல்லிக் கேட்பார்கள், அதிகாரத்தைச் சொல்லிக் கேட்பார்கள், முதல் சொல்லைச் சொல்வார்கள், கடைசிச் சொல்லைச் சொல்வார்கள். வரிசையாகச் சொல்லி மட்டும் பழகிய குழந்தை, "காய்கவர்ந் தற்று" என்று முடியும் குறள் எது என்றால் "அகர முதல" என்று தொடங்கும். நூறாவது குறளான அதை அடைய தொண்ணூற்றொன்பதையும் கடந்தாக வேண்டும்.

சங்கிலியை வெட்டி வெட்டிப் பதிய வையுங்கள். ஒரு அதிகாரத்துக்கு 10 அட்டை. முன்பக்கம் குறள், பின்பக்கம் எண். முதல் 3 நாள் வரிசையாக. நாலாம் நாளிலிருந்து அட்டையைக் கலைத்துவிட்டு முதல் சொல்லை மட்டும் காட்டுங்கள். அது வந்தபின் கடைசிச் சொல், அதன்பின் எண். எண்ணுக்கு ஒரு வழி பிள்ளையே கண்டுபிடித்துவிடும்: 391 என்றால் ஒன்று கழித்து 390, அதில் 39 பத்து, கூட ஒன்று, 40ஆவது அதிகாரம், கல்வி. இந்தக் கணக்கு பிடித்துப்போய்க் கணக்குப் பாடத்தையே நேசிக்கத் தொடங்கும் குழந்தைகளும் உண்டு. யூடியூபில் போட்டுக் கேட்க வைக்கும்போது கவனம் தேவை. ஓதுபவர் தப்பாகப் பிரித்த சீர், நடுவில் வந்த இருமல், இடையில் ஓடிய சோப்பு விளம்பரம் எல்லாம் குறளோடு சேர்ந்தே பதியும். பிறகு விளம்பரத்தை விட்டுவிட்டுச் சொல்லச் சொன்னால் குறளே நின்றுபோகும்.

பொருளைக் கண்ணுக்கும் கைக்கும் கொடுங்கள். விளக்கவுரையைப் படித்துக் காட்டினால் அதையும் மனப்பாடமாகச் சொல்லிவிடும், நாமும் புரிந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். "இனிய உளவாக இன்னாத கூறல்" சொல்லித்தரும் நாளில் ஒரு தட்டில் பழுத்த மாம்பழத்துண்டு, இன்னொரு தட்டில் புளிக்கும் காய் வையுங்கள். கடித்துப் பார்க்கட்டும். "தொட்டனைத் தூறும் மணற்கேணி"யைக் கடற்கரையில் அலை வந்து போகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து தோண்டினால், ஒரு முழம் போவதற்குள் தண்ணீர் ஊறும். இன்னும் தோண்டினால் இன்னும் ஊறும். ஒரு குறளுக்கு அரை நாள் போனாலும் போகட்டும். 1330 சொல்லும் பிள்ளையை விட, பத்தைப் புரிந்து வைத்திருக்கும் பிள்ளைக்கு வாழ்க்கையில் அதிகம் கிடைக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

பள்ளிப் பாடத்திலும் இதே கதைதான். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும். கேள்வியின் ஒரு சொல் மாறினால் தாள் வெற்றாக வரும். எந்தக் கேள்வியையும் முதல் வாரத்திலேயே மூன்று விதமாகக் கேட்டுப் பழக்குங்கள். மூன்றுக்கும் பதில் ஒன்றே என்று ஒரே அட்டையில் எழுதிக் காட்டுங்கள். ஒரு விதமாகவே ஒரு மாதம் கேட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் கடினம். ஏனென்றால் முதலில் பதிந்தது லேசில் அழியாது.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "ஆரஞ்சு" என்பதை ஒரு முறை "ஆரன்ச்" என்று பதிந்துவிட்டால், "தப்பு, தப்பு" என்று நூறு முறை சொன்னாலும், அந்தத் "தப்பு"ம் சேர்ந்து பதியுமே தவிரச் சொல் திருந்தாது. புதிதாக எதைத் தொடங்கினாலும் முதல் நாளில் தவறவே இடமில்லாதபடி கூட இருங்கள். கையைப் பிடித்து, பதிலை முதலில் நீங்களே சொல்லி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகுங்கள். ஏற்கெனவே தவறாகப் பதிந்ததைத் திருத்த வேண்டுமானால் பழையதை அழிக்கப் போகாதீர்கள். வேறு நிற அட்டை, வேறு இடம், "புது முறை" என்று ஒரு பெயர். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், சில மாதங்களில் புதியது முந்திக்கொள்ளும்.

ரயில் பைத்தியம், பஸ் பைத்தியம், காலண்டர் பைத்தியம் என்று வீட்டில் செல்லமாகச் சொல்வோமே, அவையெல்லாம் பாடப் புத்தகங்கள். 18 நிலையங்களுக்கும் எண் போட்டால் மாம்பலம் 8, தாம்பரம் 18, இடையே எத்தனை நிறுத்தம் என்று கழித்தல் வந்துவிடும். வைகை எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து போகும்போது 12635, திரும்பும்போது 12636. பாண்டியன் 12637, 12638. ஒற்றை, இரட்டை எண்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தினசரிக் காலண்டரில் ராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறும்: திங்கள் 7.30 முதல் 9 வரை, சனி 9 முதல் 10.30 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒன்றரை மணி நேரம் என்பதையும் கடிகாரத்தில் அரை மணியையும் அதை வைத்தே கற்றுக்கொடுத்துவிடலாம்.

தேதி சொன்னால் கிழமை சொல்லும் குழந்தைகளைப் பார்த்து வியக்காதவர் இல்லை. ஆண்டுக் காலண்டர் மொத்தம் 14 வகைதான் இருக்க முடியும். ஜனவரி 1 ஏழு கிழமைகளில் ஒன்றில் வரும், லீப் ஆண்டு அல்லது சாதாரண ஆண்டு. 2014இன் காலண்டரும் 2025இன் காலண்டரும் ஒன்றே, 1996உம் 2024உம் ஒன்றே. ஏப்ரலும் ஜூலையும் எப்போதும் ஒரே கிழமையில் தொடங்கும், செப்டம்பரும் டிசம்பரும் அப்படியே. இந்த ஒழுங்கை யாரும் சொல்லித்தராமல் குழந்தை தானாகக் கண்டெடுத்திருக்கிறது. அது வெறும் மனப்பாடம் அல்ல, ஒழுங்கைக் காணும் கண். பழைய காலண்டர்களைக் குப்பையில் போடாதீர்கள். தேதி முடியுமுன் தாளைக் கிழிக்காதீர்கள், கிழிக்கும் உரிமையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.

விருந்தாளி வந்ததும் "2015 தீபாவளி என்ன கிழமைன்னு மாமாவுக்குச் சொல்லுடா" என்பது எல்லா வீட்டிலும் நடக்கும். "செவ்வாய்" என்று வரும், எல்லோரும் கைதட்டுவார்கள், இன்னொன்று, இன்னொன்று என்று கேட்பார்கள். அரை மணி கழித்துப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மூலையில் இருக்கும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி, மூன்று கேள்வியோடு சரி, அதுவும் பிள்ளை தலையாட்டினால் மட்டும். நான்காவதை விருந்தாளியிடம் திருப்பிவிட வேண்டும். "மாமாவோட பிறந்தநாள் எப்பன்னு நீ கேளு." இப்போது பிள்ளை கேட்கிறது, மாமா பதில் சொல்கிறார். வேடிக்கை பார்ப்பது நின்று பேச்சு தொடங்குகிறது.

பிடித்த பொருளிலிருந்து பேச்சு பிறக்கும் என்பதற்கு ஸ்டீஃபன் வில்ட்ஷையர் நல்ல சாட்சி. ஒரு முறை ஹெலிகாப்டரில் பறந்து பார்த்த நகரத்தைக் கட்டடம் கட்டடமாக நினைவிலிருந்து வரையும் லண்டன் ஓவியர். சிறுவயதில் பேச்சு இல்லை. பள்ளியில் ஆசிரியர்கள் வரையும் பொருட்களைச் சற்று நேரம் எடுத்துவைத்துவிட்டு அவராகக் கேட்கக் காத்திருந்தார்கள். வந்த முதல் சொல் "பேப்பர்". வீட்டில் இதைச் செய்ய, மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரிகிற டப்பா ஒன்று போதும். ரயில் புத்தகம் உள்ளே இருக்கட்டும். கை காட்டினாலும், பாதிச் சொல் சொன்னாலும் உடனே திறந்து கொடுங்கள். அழவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அழுகையும் பதியும்.

ஆம், வலியும் மங்காமல் நிற்கும். ஒரு முறை கத்தரி காதைக் கீறிய சலூன் இருக்கும் தெருவுக்குள்ளேயே நான்கு வருஷம் கழித்தும் கால் வைக்காது. "அது எப்பவோ நடந்தது" என்ற சமாதானம் எடுபடாது, பிள்ளைக்கு அது நேற்று. வேறு கடை, வேறு நேரம், கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமைக் காலை என்று காட்சியை மாற்றுங்கள். முதல் நாள் வாசலில் 2 நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புங்கள். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவது. பிறகு சீப்பு மட்டும். மெஷின் சத்தம் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். ஒரு படி பிசகினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள், முதலுக்குப் போக வேண்டியதில்லை.

வாக்குறுதியும் அப்படியே பதியும். பேச்சுவாக்கில் "ஞாயிற்றுக்கிழமை பீச் போலாம்" என்று சொன்னது அங்கே கையெழுத்திட்ட பத்திரம். நிச்சயமில்லாததைக் காலண்டரில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். "மழை வந்தால் வீட்டில் தோசை" என்று மாற்று ஏற்பாட்டையும் அதே கட்டத்தில் எழுதுங்கள்.

ஏடிஎம்மில் நாம் அழுத்தும் நான்கு எண், யூபிஐ பின், கைபேசிப் பூட்டின் கோலம் எல்லாம் ஒரே பார்வையில் உள்ளே போய்விடும். மளிகைக் கடையில் நின்று உரக்கச் சொல்லவும் செய்யும். திட்டுவதால் பயன் இல்லை. கையால் மறைத்து அழுத்துங்கள், சொல்லிவிட்டால் அன்றே மாற்றுங்கள். "வீட்டுக்குள் சொல்லும் எண்கள், வெளியே சொல்லலாம் என்ற எண்கள்" என்று இரண்டு நிறத்தில் ஒரு பட்டியல் சுவரில் ஒட்டுங்கள். வெளியே சொல்ல வேண்டியது அப்பா, அம்மா கைபேசி எண்.

அந்தக் கைபேசி எண் பிள்ளைக்கு மனப்பாடம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அம்மா "நம்பர் சொல்லு" என்றால் வரும். காவலர் "வீட்டு போன் என்னப்பா?" என்றால் வராமல் போகலாம். ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்லிப் பழகியிருந்தால், எழுதுபவர் நான்காவது எண்ணில் நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கேட்பவர் பொறுமை இழப்பார். பக்கத்து வீட்டு அக்கா, வாட்ச்மேன் தாத்தா, கடைக்காரர் என்று 5 பேரை வேறு வேறு விதமாகக் கேட்க வையுங்கள். நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, "ம், அடுத்து" என்று சொல்லித் தொடரப் பழக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கழுத்தில் அடையாள அட்டை இருக்கட்டும். பதற்றத்தில் எந்த நினைவும் பூட்டிக்கொள்ளும். வழி தெரிந்த பிள்ளை என்பதால்தான் ஆபத்தும் அதிகம், ஒரு முறை போன பூங்காவுக்குத் தனியாகவே கிளம்பிவிடும். காணாமல் போனால் முதல் 10 நிமிஷத்தில் பிடித்த இடங்களுக்கும் தண்ணீர் உள்ள இடங்களுக்கும் ஆள் அனுப்புங்கள், 112க்கும் 1098க்கும் அழையுங்கள்.

பிறந்தநாள் கேட்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஒரு டைரி வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அதில் பெயர், உறவு, கைபேசி எண். தினமும் காலை பல் துலக்கியதும் அன்றைய பக்கத்தைத் திறப்பது வேலை. பெயர் இருந்தால் போன் போட வேண்டும், சொல்ல வேண்டியது மூன்றே வரி: "பெரியப்பா, பிறந்தநாள் வாழ்த்துகள். இன்னிக்கு வியாழக்கிழமை. சாப்டீங்களா?" முதல் சில மாதம் மறுமுனையில் இருப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், பதிலுக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் ஒருவர் பிறந்தநாளை ஒருவர் மறந்துபோன குடும்பங்களில், எந்த ஆண்டும் தவறாமல் காலை ஆறரைக்கு வரும் அந்த அழைப்புக்காகக் காத்திருக்கும் பெரியப்பாக்கள் இருக்கிறார்கள்.